பேனல் மேல் சம்பந்தி வேட்டி

கல்யாண மண்டபத்தில் கரண்ட் பார்க்கிறவனை விளக்கு எரிகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அணைந்தால் எல்லோரும் தேடுவார்கள். பராமரிப்பு வேலை என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்ட அன்று எங்கள் பீளமேட்டு மண்டபத்தில் இருந்தவர்கள்: பெண்ணின் அப்பா பழனிசாமி, மாப்பிள்ளையின் பெரியப்பா நாச்சிமுத்து, சமையல் மாஸ்டர் சுப்பிரமணி, சாப்பிட வேண்டிய அறுநூறு பேர், நான். மாடியில் சோலார் பேனல் இருபத்துநாலு. ஜெனரேட்டரில் டீசல் எட்டு லிட்டர். பேனல் போட்ட பிறகு எங்கள் முதலாளி டீசலை அளந்துதான் தருகிறார். உங்கள் முதலாளியும் அப்படித்தான் இருப்பார்.

பழனிசாமிக்கு ஒரே கவலை, மேல்தொட்டி. மாப்பிள்ளை வீட்டார் கை கழுவக் குழாயைத் திறந்து வெறும் காற்று வந்தால், மகள் ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும்.

தேங்காய் அரைக்க

மேகம் விலகவில்லை. பேட்டரியில் விளக்கும் ஃபேனும் ஓடின. பெரிய கிரைண்டருக்கு அது போதாது. வெயில் ஏறட்டும், டீசலை மிச்சம் பிடிக்கலாம் என்று மாஸ்டரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் தேங்காய் மூடியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, உங்க சூரியன் எந்திரிச்சு வர்ற வரைக்கும் இட்லி வெறும் வாயிலயா எறங்கும்?"

ஜெனரேட்டரைப் போட்டேன். மூன்று லிட்டர் போனது.

காற்றாடிக்காரர்

புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நாச்சிமுத்து வந்தார். உடுமலைப் பக்கம் அவர் தோட்டத்தில் காற்றாலை நிற்கிறது. காற்றுக் காலத்தில் அது ஓட்டமாய் ஓடும், அத்தனை கரண்டையும் வாங்க ஆளிருக்காது. ஊரே கரண்டுக்குத் தவிக்கும்போது அசையாமல் நிற்கும் என்று குறைப்பட்டார். டீசல் எரித்தால் தீர்ந்தது, திரும்ப ஊறாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் ஜெனரேட்டரைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நாறுனாலும், கூப்பிட்ட நேரத்துக்கு வர்றவன் இவன் ஒருத்தந்தானுங்க."

பதினோரு வேட்டி

முகூர்த்தம் முடிந்து வெயில் பளீரென்று அடித்தது. தண்ணீர் மோட்டாரைப் போட்டேன், முனகிவிட்டு நின்றது. மாடிக்கு ஓடினேன். பதினோரு பேனல் மேல் பதினோரு ஈர வேட்டி, மூலைக்கு ஒரு கல் வைத்து. மாப்பிள்ளை வீட்டார் குளித்துவிட்டுக் காயப்போட்டவை.

ஒன்றை எடுக்கப் போனேன். பின்னாலேயே வந்த பழனிசாமி கையைப் பிடித்துக்கொண்டார். டீசல் வாங்கிவர ஆளனுப்பலாம் என்றால் வாசலில் கார்கள் ஒன்றையொன்று மறித்து நின்றன. இருப்பதை வைத்தே ஓட்டச் சொன்னார்.

"சம்பந்தி துணியை நாம எடுத்தா, மொத நாளே எடத்தைக் காலி பண்ணச் சொன்னாப்பல ஆயிருமுங்க. எரிஞ்சா டீசல்தானுங்க எரியும்."

கேட்டே விட்டேன்

தொட்டி பாதி நிறைவதற்குள் டீசல் அடியில் போய்விட்டது. ஜெனரேட்டரை நிறுத்தினேன். கீழே முதல் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து முன்னால் போய் நின்றேன். வேட்டி காய்ந்திருக்குமா என்று மட்டும் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், இலையை விட்டு எழுந்தார். பதினொன்றையும் அவரே சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். மோட்டார் ஓடியது, பந்தி எழுமுன் தொட்டி வழிந்தது.

"என்ற காத்தாடி எறக்கையில எவனாச்சும் கோவணம் காயப்போட்டா வெட்டிப்போடுவேனுங்க, நீங்க என்னங்க, வேட்டி சௌக்கியமான்னு கேக்கறீங்க?"

வெயிலுக்கு மேகம், காற்றாடிக்குக் காற்று, டீசலுக்கு அளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை இருக்க, எல்லாவற்றுக்கும் பொதுத் தடையாக எங்கள் ஊர் மரியாதையும் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட அன்று, ஜெனரேட்டரில் மிஞ்சியது ஒன்றேகால் லிட்டர்.