போன வருஷத்துக் காலண்டர் இருக்கா?

விற்கிற ஒவ்வொரு தாளிலும் காலாவதித் தேதியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிற வியாபாரம் உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான். தினசரிக் காலண்டரும் பஞ்சாங்கமும் மார்கழியில் தங்கம், மாசியில் பொட்டலம் மடிக்கிற காகிதம். பட்டாசோ, குடையோ, பள்ளிக்கூட நோட்டோ, சீசன் வியாபாரம் செய்கிற யாருக்கும் இந்த வயிற்றெரிச்சலை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டவர்கள்தான்.

எனக்குப் பிறந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் வேலை கிடைத்து ஓசூர் வந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடை போட்டேன். கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடித்து, சிவகாசியில் காலண்டர் அடித்து வாங்கிக் கொடுப்பேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷைப் பஞ்சாங்கமும் கடையில் தொங்கும். சாத்தூரில் இருந்தவரை வருஷம் ஒரு தடவைதான் பிறக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே ஜனவரிக்கு ஒன்று, உகாதிக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று என்று பிறந்துகொண்டே இருக்கிறது.

"எல்லாமே போன்ல இருக்கே, இன்னும் யாருங்க இதையெல்லாம் வாங்குறாங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டுவிட்டு, சுவரில் தொங்குகிற காலண்டரில் அன்றைய பழமொழியைப் படிக்காமல் போன ஆளும் இல்லை.

தீபாவளித் தாள்

காலண்டரில் மேலே இருக்கிற அட்டைதான் ஆளுக்கு ஆள் மாறும். கீழே தைத்திருக்கிற தாள்கட்டு எல்லோருக்கும் ஒன்றுதான். நகைக்கடைக்கும் அதே பழமொழி, நாட்டு மருந்துக் கடைக்கும் அதே பழமொழி. இது தெரியாத ஒரு சுவீட் கடை முதலாளி, என்னிடம் பெரிய ஆர்டர் கொடுப்பவர், தீபாவளியன்று காலையிலேயே போன் செய்தார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? இன்னைக்குத் தாளைக் கிழிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கிழித்துப் பார்த்தேன். தீபாவளி என்று சிவப்பில் போட்டு, அதற்கு நேர் கீழே 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று இருந்தது. மேலே அட்டையில் அவருடைய கடையின் மைசூர்பாகுப் படம்.

எனக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கவே கை ஓடவில்லை. அந்த ஆர்டர் போனால் அந்த வருஷம் போன மாதிரி. அவரோ வாங்கிய கோபத்தை எங்கேயும் இறக்கி வைக்காத மனுஷன். பண்டிகை கழிந்து கடை திறந்த அன்று நேரில் வந்துவிட்டார். நான் எழுந்து நின்றேன். தாள்கட்டு பொதுவாக அடிப்பது, யார் மேலும் தப்பில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். யாரோ அந்தத் தாளை மைசூர்பாகுப் படத்தோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட, அது ஊர் முழுக்கச் சுற்றி, 'அந்த நஞ்சுல கால் கிலோ குடுங்க' என்று கேட்டு வந்தவர்களைச் சமாளிக்க முடியவில்லையாம். சொல்லும்போதும் அவர் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷமும் அதே பழமொழி வரட்டும்மா. ஆனா கடை காத்தாடுற தீபாவளி மறுநாளுக்குப் போடச் சொல்லுங்க."

கரிநாள்

சாமல்பட்டிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற ஒரு விவசாயி, மகளைப் பார்க்க ஓசூர் வரும்போதெல்லாம் கடைக்கு வருவார். ஒரு கோடையில் வந்து, போன வருஷத்துப் பஞ்சாங்கம் கேட்டார். புதுசு எடுத்துக் காட்டினேன். "இது வேணாம்மா, பழசு" என்றார். நல்ல வேளையாகப் பரணில் கிடந்தது. எதற்கு என்று கேட்டதற்கு உட்கார்ந்து சொன்னார்.

போன வருஷம் அவர் தோப்பில் பழைய போர் வற்றிவிட்டது. பிஞ்சு உதிர ஆரம்பித்தது. பஞ்சாங்கத்தில் கிணறு வெட்ட உகந்த நாள் பார்த்து, பூசணிக்காய் உடைத்து, புது போர் போட்டார். புழுதிதான் பறந்தது. ஆத்திரத்தில் பஞ்சாங்கத்தைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டார். அப்புறம், பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த போர் வண்டி சும்மா நிற்கிறது என்று கேள்விப்பட்டு, நாளும் பார்க்காமல் நேரமும் பார்க்காமல் கூட்டி வந்து இன்னொரு மூலையில் இறக்கினார். தண்ணீர் பீறிட்டு வண்டிக்காரனையே நனைத்துவிட்டது. மரம் பிழைத்தது. அன்றைக்கு என்ன நாள் என்று தெரிந்துகொள்ளாமல் மனசு ஆறவில்லை. பஞ்சாங்கந்தான் சாம்பலாகிவிட்டதே!

இருவரும் சேர்ந்து பக்கம் புரட்டினோம். கரிநாள். நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்று கறுப்புப் புள்ளி வைத்து ஒதுக்கிய நாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "கரிநாளெல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறுமா?" என்று கேட்டார். மாறாது, எந்தத் தமிழ் மாதத்தில் எந்தத் தேதி என்று கணக்கு உண்டு, எல்லா வருஷமும் அதேதான் என்றேன். புத்தகத்தை மடியில் சொருகிக்கொண்டு எழுந்தார். "அப்ப பழசே போதும்மா. இன்னொரு போரு இதை வெச்சே போட்டுக்கறன்."

ராகு காலம் இல்லாத காலண்டர்

ஒரு கம்பெனியின் நிர்வாக அதிகாரி. பெரிய படிப்பு, பெங்களூரிலிருந்து தினமும் காரில் வந்து போகிறவர். ஷிப்ட் ஆரம்பிக்கும்போது ஆட்கள் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், 'எமகண்டம் முடியட்டும் சார்' என்று மிஷினைப் போட மறுக்கிறார்கள் என்று குறைப்பட்டார். ராகு காலம், ராசிபலன், பழமொழி எதுவும் இல்லாமல் வெறும் தேதி மட்டும் போட்ட காலண்டர் கேட்டார். அடித்துக் கொடுத்தேன். எல்லா டிபார்ட்மென்டிலும் மாட்டினார். ஆட்கள் அதன் மேலேயே ஆணி அடித்து வேறு காலண்டர் மாட்டினார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அவரே கடைக்கு வந்தார். பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்களாம். பெரிதாக, பலன் எல்லாம் போட்டதாக ஒன்று எடுக்கச் சொன்னார். எடுத்துச் சுருட்டினேன். வாசலில் ஒரு கம்பெனி பஸ் நின்றிருந்தது. அதை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நியூஸ் பேப்பர்ல சுத்திக் குடுங்க மேடம், எங்க ஆளுங்க யாராச்சும் பாத்துடப் போறாங்க."

சாஹுவின் தமிழ்

சாஹு ஒடிசாக்காரர். ஜூஜுவாடியில் நாலைந்து பேரோடு ஒரு அறையில் தங்கி, இரும்புப் பாகங்கள் கடைகிற கம்பெனியில் வேலை பார்க்கிறார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான ஆள். பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டவர். மாசியில் நான் பாதி விலைக்குத் தள்ளிவிடும்போது ஒரு தினசரிக் காலண்டர் வாங்கிப் போனார். அதிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை, கிழித்த தாள்களைச் சட்டைப் பையில் அடுக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இது என்னா அர்த்தம்?" என்று கேட்பார். நானும் ஓய்வாக இருந்தால் சொல்வேன். 'அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்பதற்கு அம்மி என்றால் என்னவென்று புரியவைக்கவே ஒரு சாயங்காலம் ஆயிற்று. கடைசியில் மசாலா அரைக்கிற மாதிரி நான் ஆடிக் காட்டினேன்.

ஒரு நாள் அவர் மிஷினில் அளவைத் தப்பாக வைத்துவிட்டார். ஒரு ஷிப்ட் பூராவும் கடைந்த பாகங்கள் எல்லாம் அளவு கூடிப்போய்விட்டன. மதுரைப் பக்கத்து சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டார். ஊரில் சாஹுவை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது. என்ன சொல்லிக் கெஞ்சுவதென்று தெரியவில்லை. கெஞ்சுகிற தமிழ் அவர் காலண்டரில் வரவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "யானைக்கும் அடி சறுக்கும் சார்" என்றார். லைனில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். சூப்பர்வைசர், "நீ யானையாடா?" என்று கத்தினார். சாஹு யோசித்துவிட்டு, "இல்ல சார், எறும்பு. எறும்பு ஊரக் கல்லும் தேயும். நானே உக்காந்து தேய்க்கிறேன்" என்றார்.

சூப்பர்வைசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அளவு கூடின பாகம்தானே, தேய்த்துச் சரிசெய்யலாம் என்று விட்டுவிட்டார். சாஹு சொன்னபடி உட்கார்ந்து தேய்த்து முடித்தார். இதை எனக்குச் சொன்னது சாஹு இல்லை, அந்த சூப்பர்வைசரேதான். அடுத்த ஜனவரியில் தேடிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். "நீங்கதானா அது? தயவுசெஞ்சு அவனுக்குப் புதுக் காலண்டர் குடுக்காதீங்கக்கா, வாயைத் திறந்தாப் பதில் சொல்ல முடியல."

ஆஷாடமும் ஆடியும்

பையன் சேலத்துக்காரர், பெண் பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். இருவரும் ஒரே கம்பெனி. காதல் என்று தெரிந்து இரண்டு வீடும் முறுக்கிக்கொண்டு நின்று, ஒருவழியாக இறங்கி வந்து, கல்யாணப் பத்திரிகைக்கும் ஆர்டர் எடுக்கிற என் கடைக்கே எல்லோரும் வந்தார்கள். கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை மிஷினெல்லாம் நிறுத்திப் பராமரிப்பு வேலை செய்வார்கள். அந்த லீவில் வைத்துக்கொள்ளலாம் என்று பையன் சொன்னார். பெண்ணின் அம்மா என் தெலுங்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "ஆஷாடமா? வத்து, வத்து!" என்று, கல்யாணத்துக்கு ஆகாத மாதம், வேண்டவே வேண்டாம் எனக் கையை உதறினார். சரி, அது முடிந்ததும் வைக்கலாம் என்றால், அதற்குள் தமிழில் ஆடி வந்துவிடுகிறது. இப்போது பையனின் அப்பா எழுந்துவிட்டார். "ஆடியில தாலி கட்டற வழக்கம் எங்க வம்சத்திலயே இல்லீங்க." ஆறின சண்டை மறுபடி புகைந்தது. பெண் அழவில்லை. பத்திரிகை மாதிரிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் ஒரு தாளைக்கூட அவள் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

நான் இரண்டு பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். ஆவணி பிறந்து, அவர்களுக்குச் சிராவணம் முடிவதற்குள் ஒரு முகூர்த்தம் அகப்பட்டது. இரண்டு தரப்புக்கும் சம்மதம். ஆனால் அன்றைக்குக் கம்பெனியில் லீவு இல்லை. அவசர ஆர்டர், யாருக்கும் லீவு கிடையாது என்று போர்டே மாட்டியிருந்தார்களாம். கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு ஷிப்ட் கூடுதலாகப் பார்த்து இருவரையும் அனுப்பி வைத்தார்கள். தாலி கட்டிய மூன்றாம் நாள் இருவரும் மிஷின் முன்னால் நின்றார்கள்.

புது வீட்டில் மாட்ட ஒன்று வாங்கவேண்டும் என்று பிறகு ஒரு நாள் வந்தார்கள். தமிழா, தெலுங்கா என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். "ஷிப்டு போட்ட காலண்டர் இருந்தாக் குடுங்கக்கா, எங்களுக்கு அதான் பஞ்சாங்கம்."

சிம்மம்

போச்சம்பள்ளியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கம்பெனியின் சீருடைச் சட்டையை மாற்றக்கூட இல்லாமல், ஷிப்ட் முடிந்து அப்படியே பஸ் ஏறியிருந்தாள். அவர்கள் ஊர் ஹார்டுவேர் கடைக்கு நான் போன வருஷம் அடித்துக் கொடுத்த காலண்டர் ஒன்று வேண்டும் என்றாள். அதை அடித்தது யார் என்று அந்தக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். போன வருஷத்துக் காலண்டர் எதற்கம்மா என்றேன். கார்த்திகையில் ஒரு தேதியைச் சொல்லி, அந்தத் தாளைப் பார்க்கணும் என்றாள்.

அவள் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டினவர். ஒரு நாள் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது நெஞ்சு வலி வந்திருக்கிறது. பஸ்ஸை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் ஸ்டீயரிங்கில் சாய்ந்தாராம். பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் கீறல் இல்லை. திதி பார்ப்பதற்காகக் கேட்கிறாள் என்று நினைத்து, அதைப் போனிலேயே பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "திதி தெரியும்க்கா, ஐயர் சொல்லிட்டாரு" என்றாள். அவர் தினமும் எழுந்ததும் தாளைக் கிழிப்பார், எல்லோர் ராசிக்கும் போட்டிருப்பதைச் சத்தமாகப் படித்துக் கேலி செய்வார். அன்றைக்கு இவளுக்கு முதல் ஷிப்ட். அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டாள். திரும்பி வந்தபோது வீடு நிறைய ஜனம். வீட்டை ஒழித்துக் கழுவியவர்கள் காலண்டரையும் எங்கேயோ போட்டுவிட்டார்கள்.

பரணில் ஏறித் தேடினேன். தூசியோடு ஒன்று கிடைத்தது. அந்தத் தாள்வரைக்கும் புரட்டி அவளிடம் நீட்டினேன். என்ன போட்டிருக்குமோ? 'விரயம்' என்று இருந்தால் என்ன செய்வது, 'நன்மை' என்று இருந்தால்தான் என்ன செய்வது. அவள் விரலை வைத்து ஒவ்வொரு ராசியாக இறங்கினாள். அவருடைய ராசியான சிம்மத்துக்கு நேரே 'மகிழ்ச்சி' என்று இருந்தது. நான் விற்கிற சரக்கை நினைத்து முதல்முறையாக எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் தாளை இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பொய்யா இருந்தா என்னக்கா, காலைல இதைப் படிச்சிட்டு சிரிச்சிக்கிட்டுத்தான் போயிருப்பாரு."

\*

நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் ஜனங்கள் வருவார்கள் என்று நம்பி இந்தக் கடையைப் போட்டேன், வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நேற்று என்ன நடந்தது என்றுதான் தெரியவேண்டியிருக்கிறது.