கலியபெருமாள் சொல்லாமல் விட்ட பதினான்கு நாட்கள்

செய்தி வந்தபோது கடலூர் மஞ்சக்குப்பத்தில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். "கலியபெருமாள் சார் தவறிட்டாரு" என்று பழைய அலுவலக நண்பர் ஒருவர் போனில் சொன்னார். நான் நம்பவில்லை. இன்னொருவருக்குப் போன் போட்டேன். அவரும் அதையே சொன்னார். அதன் பிறகும் "எந்தக் கலியபெருமாள்?" என்று கேட்டேன். என் புத்தி அப்படி. அவரை அறிந்தவர்கள் என்னையும் அறிவார்கள் என்பதால் மறைக்கப் போவதில்லை.

வழக்கம்போல் காலையில் சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை சாலையில் சைக்கிள் ஓட்டிப் போயிருக்கிறார். டீக்கடை ஓரம் ஸ்டாண்டு போட்டுப் பூட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தவர், டீ வருவதற்குள் சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு.

சாலைகளைப் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில் நாங்கள் இருபது வருடத்துக்கு மேல் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் சாலை ஆய்வாளர். ஊர் ஊராகப் போய் மதகு, சாலை ஓரம், கிலோமீட்டர் கல் எல்லாவற்றையும் பார்த்து டூர் டைரியில் எழுத வேண்டும். மற்றவர்கள் மொபெட்டுக்கு மாறிய பிறகும் அவர் சைக்கிளை விடவில்லை. அந்த டைரிகளைச் சரிபார்ப்பது என் வேலை. கம்மாபுரம் பக்கத்து மதகு ஒன்றைப் பற்றி ஒரு முறை, 'வடக்குக் கைப்பிடிச் சுவரில் வெடிப்பு, ஆட்டுக்குட்டி தலை நுழையும் அளவு' என்று எழுதியிருந்தார். இவ்வளவு விவரமாக எழுதுகிறாரே என்பதே எனக்குச் சந்தேகம். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தேன். வெடிப்பு இருந்தது. கையை விட்டும் பார்த்தேன். யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாள் என் மேசைக்கு வந்து, "ஆட்டுக்குட்டி கெடைக்கலியா சார்?" என்றார்.

"பாக்காதத எழுத மாட்டேன் சார். பாத்ததெல்லாம் எழுதணும்னு ரூல் ஏதாவது இருக்கா?" என்று அடிக்கடி கேட்பார். அந்த இரண்டாவது பாதி எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஓய்வு பெற்ற பிறகு, மகள் வெண்ணிலா வேலை பார்க்கும் ஸ்பெயினுக்குப் போனார். அங்கே ஒரு பழைய சைக்கிளை வாங்கி, கிராமங்கள் வழியாக நாற்பது நாள் தனியாகப் பயணம் செய்ததாகச் சொன்னார். 'போனார்' என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, 'போனதாகச் சொல்கிறார்' என்றுதான் சொன்னேன்.

சிதம்பரம் கீழவீதியில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் கூடும் வாசகர் வட்டத்தில், நான்கு வாரம் அவர் அதைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. முதல் வாரம் அவர் மனைவி ராஜேஸ்வரி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் கடைசி வரிசை. அங்கே மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஊரே பந்த் நடக்கிற மாதிரி கடையடைத்துத் தூங்கிவிடும் என்றார் கலியபெருமாள். மாதா கோயில் மணிக்கூண்டில் நாரை கூடு கட்டியிருக்கும், யாரும் கலைக்கமாட்டார்கள் என்றார். பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த ஊர்களைச் சொன்னார். அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். ஒரு கார் பத்து கிலோமீட்டர் தூரம் அவர் பின்னாலேயே மெதுவாக வந்ததாம், ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லையாம். கடலூர் ரோட்டில் சைக்கிள் ஓட்டிய எவன் இதை நம்புவான்?

படங்களும் காட்டினார். எல்லாம் மதகு, வெள்ளைக்கோடு, கிலோமீட்டர் கல். ஒன்றில்கூட அவர் இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். பதினோராம் நாள் வரை வரிசையாகச் சொன்னவர், சட்டென்று இருபத்தாறாம் நாளுக்குத் தாவினார். டைரி பார்த்த கண் இதை விடுமா?

எழுந்து கேட்டேன். "உங்க மூஞ்சி தெரியற மாதிரி ஒரு போட்டோ காட்டுங்களேன்."

"தனியா போனவனை யாரு சார் எடுப்பா?" என்றார்.

"பாத்துங்க, இதுவும் உக்காந்த எடத்துல எழுதுன டூர் டைரியா இருக்கப்போவுது" என்றேன். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். நாள் கணக்கையும் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டீ வந்தது. கைதட்டல் கிடைத்த மாதிரி இருந்ததால் உட்கார்ந்துவிட்டேன்.

மீதி மூன்று வாரமும் அவர் பேசவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அதையும் நான் நம்பவில்லை. பிறகு மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, "சாப்ட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்கு வலித்தது. ஆனாலும் கூப்பிட்டுப் பேசவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், மன்னிப்புக் கேட்கிற நினைப்போடுதான் சிதம்பரம் பஸ் ஏறினேன். வீட்டில் மாலை போட்டு வைத்திருந்த படத்தில், வெள்ளைக்கோடு போட்ட ஒரு சாலையில் அவர் சைக்கிளோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். துக்க வீடு என்றும் பாராமல் என் வாய் கேட்டுவிட்டது. "இத யாரும்மா எடுத்தது? தனியா போனேன்னாரே?"

வெண்ணிலா அம்மாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"நான்தான் மாமா எடுத்தேன். பன்னெண்டாவது நாளு அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியிலயும் எங்க வீட்டுலயுமா பதினாலு நாளு இருந்தாரு. சைக்கிளே தொடக்கூடாதுன்னாங்க. கேக்கல. விட்ட கல்லுலேருந்துதான் ஆரம்பிப்பேன்னு அடம் புடிச்சி, அதே எடத்துக்குக் கூட்டிட்டுப் போவச் சொன்னாரு. அதுக்கப்பறம் கடைசி வரைக்கும் நான் காருல பின்னாடியே போனேன். அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

ஆக, அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது சரிதான். அது எந்தப் பொய் என்பதைத்தான் நான் கண்டுபிடிக்கவில்லை. என் வாயை அடைக்க அன்று ஒரு படம் போதும். முன் வரிசையில் இருந்த மனைவி 'யார் எடுத்தது' என்று கேட்டுவிடுவார் என்பதால் அதைக் காட்டாமல், அத்தனை பேர் சிரிப்பையும் வாங்கிக்கொண்டார்.

ராஜேஸ்வரிக்கும் இது அப்போதுதான் தெரிகிறது. "சத்து மாத்திரைன்னுதான் சொல்லிட்டு சாப்ட்டாரு. தீந்து ஆறு மாசம் ஆவுது. சத்து மாத்திரைதானேன்னு நானும் வாங்கச் சொல்லல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் அண்ணே, நடுவுல நாளு கொறையுதுன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்பறம் ஏன் விட்டீங்க? இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கக்கூடாதா?"

சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கப் போனவன், சந்தேகத்தைப் பாதியில் நிறுத்தியதற்குத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். கலியபெருமாளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தப் பதினான்கு நாட்கள்தான். அவற்றைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இப்போது வரிசையாக வருகின்றன. மூச்சு வாங்குகிறதா, மாத்திரை இருக்கிறதா, கடைசியாக டாக்டரைப் பார்த்தது எப்போது? எவரும் சிரிக்காத கேள்விகள். அவற்றில் ஒன்றைக்கூட நான் அவரிடம் கேட்கவில்லை.