மூன்றாவது பாட்டில் வாசித்தது யார்

சிங்கப்பூருக்கு இக்கரையில், எல்லையை ஒட்டிய தம்போயில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே பொட்டலங்களை அழுத்திப் பார்த்து, காற்றுப் போவதைத் தள்ளி வைப்பதுதான் சுபத்திராவின் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. மீன்காரர் நிறுத்துக் கொடுத்ததைத் தானும் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பாள். தம்பி லக்ஷ்மன் சாப்பிட்டாயிற்று என்றால் சட்டியைத் திறந்து பார்ப்பாள். பார்த்த கையோடு இன்னும் கொஞ்சம் சோறும் போடுவாள். அவள் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமையானால் செல்வாவின் டயர்க் கடையில் அவளே வேறு ஆள். பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பாள். லக்ஷ்மன் பாட்டுக் கட்டிக் கிட்டார் வாசிப்பான், தங்கை தர்மினி பாடுவாள், செல்வா டிரம்ஸ் அடிப்பார். ஃபங்க் என்று ஒரு ஆட்டப் பாட்டு. அதற்கு இடுப்பே பேஸ்தான். சுபத்திராவின் விரல் டிரம்ஸுக்கு ஒரு மயிரிழை பிந்தித்தான் விழும். கல்யாண மண்டபத்தில் முட்டிவலிக்காரர்களையும் நாற்காலியை விட்டு எழுப்பியது அந்தப் பிந்தல்தான்.

இவர்கள் குழுவின் இரண்டாவது ஆல்பம் சனிக்கிழமை வெளியாக இருந்தது. தினமும் சிங்கப்பூருக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வரும் லக்ஷ்மன், அங்கே ஒரு ஸ்டூடியோவில் பாட்டுகளை மெருகேற்றி வாங்கிவந்து காரில் போட்டுக் காட்டினான். மூன்றாவது பாட்டு வந்ததும், தாளம் போட்டுக்கொண்டிருந்த சுபத்திராவின் கை நின்றுவிட்டது.

பேஸ் பிந்தித்தான் விழுந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு பிந்தியது. அவள் அப்படி வாசிக்கிறவளே இல்லை. உற்சாகம் வந்தால் முந்துவாள். தர்மினி இழுத்துப் பாடினால் கூடவே நின்று காத்திருப்பாள்.

"இது யாரு வாசிச்சது?"

"நீதான்க்கா," என்றான் லக்ஷ்மன், ரோட்டைப் பார்த்தபடி. நேரான ரோடு. அவ்வளவு உற்றுப் பார்க்க அதில் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே அவள் கண்ணில் பட்டது. அவள் அடுப்படிக்குள் வந்தால் தம்பி தங்கை பேச்சு நின்றது. தொலைபேசி வந்தால் லக்ஷ்மன் கேட்டுக்கு வெளியே போனான். செல்வாவிடம் கேட்டால், அவர் கழற்றிய டயரையே மறுபடி மாட்டினார். சிங்கப்பூரில் எவனையோ பிடித்து வாசிக்க வைத்துவிட்டார்கள் என்று சுபத்திரா முடிவு கட்டினாள். இப்போது ஒரு பாட்டு, அடுத்த ஆல்பத்தில் அக்காவே வேண்டாம் என்பார்கள். பேஸை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டச் சொன்னாள். கம்ப்யூட்டர் சரியில்லை என்றான் லக்ஷ்மன்.

வியாழக்கிழமை மாலை, அவனுக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்துப் புட்டும் அவித்து எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டுச் சாப்பிடு."

லக்ஷ்மன் குழம்பைப் பார்த்தான், தர்மினியைப் பார்த்தான். "நான்தான்க்கா வாசிச்சேன். உன்னோடத கை தவறி அழிச்சிட்டேன்."

"வேற யாரும் இல்லையா?"

"சத்தியமா இல்ல லா. உன்ன மாதிரியே லேட்டா வாசிக்கணும்னு மூணு நாளு தூங்கல."

"என்கிட்ட சொல்லியிருந்தா திரும்ப வாசிச்சிருப்பேன்ல?"

"நீ திட்ட ஆரம்பிச்சா மூணாவது ஆல்பம் வரைக்கும் போகும்," என்றாள் தர்மினி.

சுபத்திரா அன்றைக்குத் திட்டவில்லை. அதுதான் அவர்களைப் பயமுறுத்தியது.

"என் பேரைப் போட்டு, நீ வாசிச்சத ஊருக்குக் கொடுக்கப் போறியா?"

அவள் புட்டை அவன் பக்கம் தள்ளினாள். சீக்கிரம் சாப்பிட்டு, செல்வாவைக் கடை திறக்கச் சொல் என்றாள்.

அன்று அந்தப் பாட்டை அவள் திரும்ப வாசித்தாள். கோபத்தில் முதல் இரண்டு தடவையும் டிரம்ஸுக்கு முந்திப் போனாள். மூன்றாவது தடவை தர்மினி வேண்டுமென்றே ஒரு வரியை இழுத்தாள். சுபத்திராவின் விரல் தானாக நின்று அவளுக்காகக் காத்திருந்தது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார் செல்வா.

மறுநாள் காலை தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு, சிங்கப்பூர் பஸ்ஸில் லக்ஷ்மன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். புது வாசிப்பைப் பதிந்த பென்டிரைவ் அவள் கைப்பைக்குள் இருந்தது.

"நானே கொடுத்திருப்பேன்ல," என்றான்.

"கொடுப்ப. நானும் பார்த்துட்டு வர்றேன்."

ஸ்டூடியோக்காரர் புது வாசிப்பைச் சேர்த்துப் போட்டுக் காட்டினார். சுபத்திரா கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டாள். அவளேதான். லக்ஷ்மன் பெருமூச்சு விட்டு எழுந்தான்.

"உட்காருடா," என்றவள், ஸ்டூடியோக்காரர் பக்கம் திரும்பினாள். "தம்பி, முதல் பாட்டுலேருந்து எல்லாத்தையும் போடுங்க."