அக்காவின் காலைப் பற்றி நான் சொன்ன சாட்சி

அக்கா இல்லாத முதல் வருடம் முடிகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். அக்காவைப் பற்றி எழுத நல்லது மட்டுமே இருக்கிறது. கெட்டது என்னைப் பற்றியது. அதையும் இங்கேதான் எழுத வேண்டும்.

அக்கா கோமாரி என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார். கடலுக்குப் போன அப்பா திரும்பாததால் அவர் பள்ளிக்கூடத்தை விட்டார். நான் விடவில்லை. அம்மாவின் தையல் மெஷினை மிதித்தே என்னைப் படிக்கவைத்தார். நான் ஆசிரியனாகிக் கல்முனைக்கு வந்தபோது அவரும் மெஷினோடு வந்து அடுத்த தெருவில் குடியிருந்தார். கலியாணம் கட்டவில்லை. கல்முனைக்குடிப் பெண்கள் அபாயா தைக்க அவரிடம்தான் துணி கொண்டுவருவார்கள். நோன்புப் பெருநாள் நெருங்கினால் அவர் வாசலில் செருப்புக் கழற்ற இடம் இராது.

அக்கா தினமும் ஜெபித்தார். நீட்டி ஜெபிக்க மாட்டார். ஒரு மாரியில் அயல் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது, அந்தக் குடும்பத்துக்காக நான் உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தேன். பாதியில் அக்கா எழும்பிவிட்டார்.

"தம்பி, ஆமென் சொல்லு. சொல்லிப்போட்டுச் செருப்பப் போடு. சோறு ஆறுது."

சோற்றுப் பானையை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனோம்.

அக்காவுக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம், நீரிழிவு. பாதம் மரத்திருந்தது. மெஷினடியில் விழுந்த குண்டூசி காலில் ஏறியதுகூட அவருக்குத் தெரியவில்லை. புண் வந்தது. ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து கட்டினார்கள். அந்நாட்களில் நான் ஓய்வுபெற்று, சபையில் பிரசங்கம் செய்து வந்தேன். அக்காவுக்காக உபவாச ஜெபம் ஒழுங்கு செய்தேன். அது முடிந்தபோது புண்ணின் மேற்றோல் காய்ந்திருந்தது. அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் நின்று, "என் அக்காவின் காலைக் கர்த்தர் பூரணமாகச் சுகமாக்கினார்" என்று சாட்சி சொன்னேன். சபை ஸ்தோத்திரம் சொன்னது. அக்கா முன் வரிசை வாங்கில் தலை குனிந்து இருந்தார். ஆனந்தக் கண்ணீரை மறைக்கிறார் என்று நினைத்தேன்.

அதன்பின் அவர் கிளினிக்குக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு ஸரீனா, அக்காவிடம் தையல் பழகியவர், அடுத்த கிளினிக் நாளில் நடந்த கதையைப் பின்னர் என்னிடம் சொன்னார்.

"கிளினிக் திகதியெல்லோ இண்டைக்கு. ஆட்டோக்குச் சொல்லட்டாக்கா?"

"வேணாம் மகள். அங்க மருந்து கட்டுறது எங்கட சபைப் பிள்ளை. அத்தின பேருக்கு முன்னால தம்பி சொல்லிப்போட்டான். நான் போய்க் காலை நீட்டினா அவன் பொய்யனாப் போவான்."

"உங்கட தம்பி சரியான வாத்தியார்தான். சோதனை முடிய முதல் ரிசல்ட்டச் சொல்லிட்டாரு."

அக்கா சிரித்தாராம். ஆனால் போகவில்லை. ஸரீனாதான் இரகசியமாகப் புண்ணைக் கழுவித் துணி கட்டினார்.

இனி எழுதுவதை ஸரீனாவும் அறியமாட்டார். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் நான் அக்கா வீட்டுக்கு ஜெபிக்கப் போவேன். ஒருநாள் கண்ணை மூடியதும் ஒரு வாடை வந்தது. கண்ணைத் திறந்தேன். சேலைக் கரைக்குக் கீழே துணிக்கட்டு நனைந்திருந்தது. அக்கா காலை உள்ளே இழுத்துக்கொண்டார். எனக்கு விளங்கிவிட்டது. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார். சொன்னால் நான் மறுபடியும் பீடத்தில் ஏறி, சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும். அதனால் கேட்கவில்லை. கண்ணை மூடி, வழக்கத்தைவிட நீளமாக ஜெபித்தேன்.

காய்ச்சலில் மயங்கிய அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் ஸரீனாதான். முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். கட்டிலருகே நான் அழுதுகொண்டே ஜெபிக்கத் தொடங்கியபோது அக்கா என் கையைத் தட்டினார்.

"டொக்டர் துண்டில மருந்து எழுதித் தந்தவர். முதல் அத வாங்கிட்டு வா. ஜெபம் எங்கயும் ஓடாது."

ஓடிப்போய் வாங்கிவந்தேன். கிருமி அதற்குள் இரத்தத்தில் ஏறியிருந்தது. சில நாட்களில் அக்கா போய்விட்டார். கடைசிவரை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுமை சற்றுக் குறைந்திருக்கும்.

அடக்கத்தின்போது, "கர்த்தருடைய சித்தம்" என்று பலர் என் கையைப் பிடித்தார்கள். நானும் தலையாட்டினேன். அதுவும் பொய். கர்த்தர் மருந்தையும் கிளினிக்கையும் ஸரீனாவையும் தந்திருந்தார். குறுக்கே நின்றது என் சாட்சி.

அக்காவைத் தூக்கிப் பராமரித்த தாதிமாருக்கும், இரத்தம் கொடுத்த கல்முனைக்குடி இளைஞர்களுக்கும், பிரேதத்தோடு கோமாரிவரை வந்தவர்களுக்கும் நன்றி. ஸரீனாவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மன்னிப்புக் கேட்கிறேன்.

சபையாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வருத்தத்துக்காக நான் ஜெபிக்கிறேன் என்று வந்தால், ஜெபிக்க விடுங்கள். ஆமென் சொன்னதும் என்னைச் செருப்பைப் போடச் சொல்லுங்கள். கிளினிக்குக்கு உங்களோடு நான் வரவேண்டும்.