நாற்பதைத் தாண்டாத வண்டி

இன்சூரன்ஸ் ஆபீஸில் விபத்து ஃபைல் பார்க்கிற கிளார்க்குக்கு, உலகத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி ஒன்றாவது இருக்கிறது என்ற நம்பிக்கையே கிடையாது. இருபத்தாறு வருஷமாக அவர் மேஜைக்கு வந்ததெல்லாம் மோதியது, சரிந்தது, பள்ளத்தில் விழுந்தது. அந்த மனிதர் மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கினால் சும்மா கொடுப்பாரா? சாவியைக் கொடுப்பதற்கு முன்பே இடதுபக்க மூடியைக் கழற்றி, பெல்ட் ஓடும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே, தானே அரத்தால் ராவிய ஓர் இரும்பு வளையத்தைச் செருகிவிட்டார். தட்டுகள் நெருங்காது, பெல்ட் மேலே ஏறாது, வண்டி நாற்பதைத் தாண்டாது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

நாலு வருஷம் மகள் புலம்பினாள். "சைக்கிள்காரன்கூட சிரிச்சுட்டுப் போறான்பா."

"அந்த மாடலே அப்படித்தாம்மா" என்று பேப்பரில் முகத்தை மறைத்துக்கொள்வார். தினமும் அவள்தான் அவரைப் பின்னால் ஏற்றி ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டுக் காலேஜுக்குப் போவாள். அந்த இருபது நிமிஷத்துக்காகவே அவருக்கு விடிந்தது என்று சொன்னால் மிகையில்லை. பிறகு, விமானத்தில் போக வேண்டிய தூரத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. வண்டி மூன்று வருஷமாகப் பழைய போர்வைக்குள் கிடக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தாலும் அவருக்கு அந்தப் பின் சீட்டு ஞாபகம்தான்.

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். "வண்டியை ரெடி பண்ணி வைங்கப்பா. உங்களை நான்தான் ஆபீஸ்ல விடுவேன்."

ஸ்டார்ட் செய்து பார்த்தால் பெல்ட் அறுந்துவிட்டது. மெக்கானிக்கிடம் கொடுத்தால் வளையம் வெளியே வந்து மானம் கப்பலேறும். ஞாயிறு காலை, துணி துவைக்கிற இடத்தில் தானே உட்கார்ந்துவிட்டார். பிளக் ஓட்டை வழியே கொடிக்கயிற்றைத் திணித்து பிஸ்டனை அசையாமல் நிறுத்தினார். ஸ்பேனரின் கைப்பிடி நீளம் போதாமல் அதில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினார். கழற்றியவையெல்லாம் வரிசையாக முட்டை அட்டையில் உட்கார்ந்தன.

"இதுக்கும் உங்க ஆபீஸ்ல ஃபாரம் இருக்கா?" என்றாள் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி.

நட்டு கழன்றது. தட்டு வந்தது. வளையத்தைக் காணோம்.

முட்டை அட்டையைக் கொட்டிப் பார்த்தார். சாக்கடைத் துளைக்குள் விரலை விட்டார். நிமிர்ந்தபோது வண்டிச் சாவி கண்ணில் பட்டது. அதில் நீலக் கம்பளி நூல் சுற்றிய ஒரு வளையம். பெண்பிள்ளை அலங்காரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். நூலைப் பிரித்தார். உள்ளே அவருடைய அரம் கீறிய தடம்.

அப்போதுதான் போன் அடித்தது.

"அப்பா... லீவைக் கேன்சல் பண்ணிட்டாங்க. இந்தத் தடவை வர முடியலப்பா."

கையிலிருந்த வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். "வளையத்தை எப்பம்மா கழட்டினே?"

"வாங்கின ரெண்டாவது மாசமே. காலேஜ் ஒர்க்‌ஷாப்ல."

"அப்ப ஏன் நாலு வருஷமா நாப்பதுலயே ஓட்டினே?"

"நாப்பதைத் தாண்டினா என் தோள்ல இருக்கிற உங்க கை நடுங்கும்பா."

போனை வைத்துவிட்டு அவர் புது பெல்ட்டை மாட்டி முடித்தார். நீல நூலை வளையத்தில் பழையபடியே சுற்றினார். கையைக் கழுவாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார், பின் சீட்டில்.

"ஓட்டிப் பாக்கலையா?" என்றாள் மனைவி.

"ஓட்டுறவ வரட்டும்."