நாலாவது ஓட்டை

போன வாரம் மருமகள் என்னைப் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள். நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே சாமான் விற்கிற கடை. ஏசி வேறு. வீட்டுக்கு வந்திருக்கிற நாய்க்குட்டிக்குக் கழுத்துப் பெல்ட்டும் பிடித்து நடக்கக் கயிறும் வாங்க வேண்டுமாம். சிவப்பு, பச்சை, ரோஸ் என்று சுவர் முழுக்கத் தொங்கின. ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். புது பிளாஸ்டிக் வாளி வாடை.

“அத்தை, அத ஏன் மோந்து பாக்குறீங்க? எல்லாரும் நம்மளயே பாக்குறாக” என்று மருமகள் முழங்கையால் இடித்தாள்.

பார்க்கட்டும். நாய்க்குப் பெல்ட்டு பார்க்க இந்த ஊரில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைக்காரர் நல்ல மனுஷன்தான். “ஒண்ணு போதுமாம்மா, ரெண்டா எடுத்துக்கிறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு எங்கிருந்தோ சுள்ளென்று வந்துவிட்டது. “ஒரு நாய்க்கு எத்தன கழுத்து இருக்கு?” என்று கேட்டுவிட்டு, வெளியே வந்து வெயிலில் நின்றுகொண்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

நல்ல பெல்ட்டுக்குத் தோல் வாடை இருக்கும். விளக்கெண்ணெய் வாடை இருக்கும். என் நாய் சிப்பாய் கழுத்தில் கிடந்ததில் மூன்றாவதாக ஏலக்காய் வாடையும் இருக்கும். போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் காய் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு வீடு; லயம் என்பார்கள். எனக்கு அடுத்த வீடு பேச்சி. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். நான் இந்தப் பக்கம் இருமினால் அவள் அந்தப் பக்கம் சுக்குத் தட்டுவாள். அப்படி இருந்தோம்.

ஏலத்தோட்டத்துக்குள் நாயை எவரும் விடமாட்டார்கள். ஏலக்காய் மரத்து உச்சியில் காய்க்கிறதென்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: செடியின் அடித்தூரிலிருந்து சரம் சரமாக ஓடி, தரையிலேதான் காய் கிடக்கும். நாய் ஒரு ஓட்டம் ஓடினால் பத்துச் சரம் போச்சு. ஆனாலும் சிப்பாய் மட்டும் என்னோடு உள்ளே வருவான். அப்படிப் பழக்கியிருந்தேன். அவன் கயிற்றை இழுத்தால் நான் நின்றுவிடுவேன். ஒரு எட்டும் வைக்கமாட்டேன். அவன் திரும்பி என்னைப் பார்த்து, கயிறு தொய்ந்தால்தான் நடப்பேன். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படி நின்று நின்று அட்டைக்கு ரத்தம் கொடுத்தேன். அப்புறம் கயிறு கையில் இருப்பதே தெரியாது. என் இடது காலோடு ஒட்டிக்கொண்டு, ஒரு சரத்தில் கால் படாமல் நடப்பான். “கயித்த யாரு புடிச்சாலும் அப்படித்தேன் வருவான், நீ வேணா புடிச்சுப் பாரு” என்று லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

சங்கிலி ஆகாது. தூரில் மாட்டிக்கொள்ளும், கையையும் கடிக்கும். ஒன்றரை ஆள் நீளத்துக்கு நூல் கயிறுதான் தோது. பெல்ட்டுக்குப் பித்தளைக் கொக்கி வேண்டும். இரும்பு வைத்தால் மலைப் பனியில் ரெண்டே மாசத்தில் துருவேறும். ரொம்ப அகலமும் ஆகாது, அட்டை உள்ளே போய்க் குடித்தனம் நடத்தும். கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ரெண்டு விரல் போகணும். மூன்று போனால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். ஒன்றுதான் போகிறதென்றால் தண்ணீர் குடிக்கத் திணறும். போடியில் மாட்டுச் சாமான் விற்கிற கடையில் நான் வாங்கிய பெல்ட்டில் மூன்று ஓட்டைதான் இருந்தது. சிப்பாய்க்கோ ஒட்டின கழுத்து. குடைக்கம்பியை அடுப்பில் பழுக்க வைத்து நாலாவது ஓட்டை நானே போட்டேன். கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது. பேச்சி கூடச் சிரித்தாள்: “ஏ மதினி, ஒனக்கு மூக்குக் குத்துன ஆசாரியே இதுக்கும் குத்துனானா?”

தங்கச்சி மகளுக்குச் சடங்கு என்று ஒரு தரம் மூன்று நாள் கீழே வரவேண்டியிருந்தது. சிப்பாயைப் பேச்சியிடம் கொடுத்தேன். வேறு யாரிடம் கொடுப்பேன்? “வெரசா வந்துரு மதினி, அது ஒன்ன நெனச்சுச் சோறு திங்காது” என்றாள். அவளும் ஒரு நாய் வைத்திருந்தாள். வெள்ளச்சி என்று பேர். அப்போது வயிற்றில் குட்டி.

திரும்பி வந்து ஜீப்பை விட்டு இறங்கினேன். சிப்பாய் வரவில்லை. எந்த ஜீப்பு என்று சத்தத்திலேயே தெரிந்துகொள்கிறவன். லயத்துக்கு ஏறினால் வெள்ளச்சிதான் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே வந்தது. கழுத்தில் பெல்ட்டு. குனிந்து பார்த்தேன். கோணலாக நாலாவது ஓட்டை.

“சிப்பாய எங்கடி?”

பேச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “தலைய உருவிக்கிட்டு ஓடிருச்சு மதினி. பெல்ட்டு சும்மாதான கெடக்குன்னு இதுக்குப் போட்டேன்.”

“ரெண்டு வெரலுதானடி போகும். எப்படி உருவும்?”

“எனக்கென்ன தெரியும்” என்றாள். முறத்தில் அரிசி துள்ளிக்கொண்டே இருந்தது.

காவலுக்கு இருந்த மலையாளத்துச் சேட்டன்தான் பிறகு சொன்னார். பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்தியை வெறிநாய் கடித்துவிட்டதாம். கழுத்தில் பெல்ட்டு இல்லாத நாயை எல்லாம் மறுநாள் ஆள் வந்து பிடிக்கும் என்று, நான் கீழே போன அன்றைக்கே சொல்லிவிட்டார்களாம். பேச்சி கையில் ரெண்டு நாய், ஒரு பெல்ட்டு.

“மத்த நாயெல்லாம் கடிச்சு, குரைச்சு, ஓடி... இவன் மட்டும் ஒண்ணும் செஞ்சில்லா சேச்சி” என்றார். “கயிறு கழுத்துல விழுந்ததும் எழுந்தான். பிடிச்சவனோட இடது பக்கமே நடந்து போயி.”

பிடித்துக்கொண்டுபோன நாய் எதுவும் திரும்பியதில்லை. இவன் இழுத்திருக்கலாம். கடித்திருக்கலாம். இழுக்காதே என்று சொல்லிக்கொடுத்தது நான்.

பெல்ட்டை நான் திருப்பிக் கேட்கவில்லை. பேச்சியோடு பேச்சையும் அன்றோடு விட்டேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவாள். நான் சுக்கை எடுக்கமாட்டேன். வெள்ளச்சி குட்டி போட்டதும் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். “ஆம்பளக் குட்டி மதினி” என்றாள். கதவைச் சாத்தினேன். வெள்ளச்சி சாகிற வரைக்கும் அந்தப் பெல்ட்டோடு தினமும் என் வாசல் வழியாகத்தான் போனது. எண்ணெய் போடாமல் தோல் வெடித்துப்போனதைக்கூடப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கும் ஆறவில்லை. யாரோ ஒருத்தி செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவள் என் இருமல் தெரிந்தவள்.

இப்போது அந்த லயம் இல்லை. இடித்துவிட்டு, பனி பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு அறை கட்டியிருக்கிறார்களாம். மாட்டுச் சாமான் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். மருமகள் வாங்கிவந்த பெல்ட்டில் ஓட்டையே கிடையாது. டிக்கென்று மாட்டுகிறது, யார் பெல்ட்டு என்று எதை வைத்துச் சொல்வது? பேச்சியும் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். தகவல் வந்தது. நான் போகவில்லை.

ஒன்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு நான் பெல்ட்டு வாங்கக் கீழே கிளம்பும்போது, “வெள்ளச்சிக்கும் ஒண்ணு வாங்கியா மதினி” என்று பேச்சி சொல்லியனுப்பினாள். கடையில் ரெண்டு தொங்கின. கடைக்காரர் ரெண்டையும் எடுத்து வைத்து, ஒண்ணா ரெண்டா என்று கேட்டார். லயத்தில் என் நாய் மட்டும்தான் தோல் பெல்ட்டு போடணும் என்று எனக்கு அப்படி ஒரு இது.

“ஒண்ணுதான்டி இருந்துச்சு” என்று பேச்சியிடம் சொன்னேன். “சரி மதினி, சிப்பாய்க்குப் போட்டு அழகு பாப்போம்” என்று அவள்தான் ரெண்டு விரலை விட்டு அளவு பார்த்தாள்.