பாதி லைட் ஹவுஸ்

கடலையே பார்க்காத என் மதினி அறிவுச்செல்விக்குத் தூத்துக்குடி முழுவதும் மனப்பாடம். என் அண்ணன் இஞ்ஞாசி அங்கே துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலையில் இருந்தான். கல்யாணமான ஆறாம் மாதமே போனவன். ஒன்பது வருஷமாகக் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் எங்கள் ஊர் நாகல் நகருக்கு வந்து தலைகாட்டிவிட்டுப் போவான். மதினிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் கடிதத்தை வாசித்துக் காட்டுவதும் பதில் எழுதுவதும் நான்தான்.

எல்லாப் பதிலிலும் அவள் கேட்டது ஒன்றுதான்: என்னை எப்போது கூட்டிக்கொண்டு போவீர்கள்? ஆம்பளைகள் தங்கும் கொட்டகை, பொம்பளைக்கு இடமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவான். மிச்சப் பக்கமெல்லாம் ஊர் வர்ணனை. வெள்ளைக்காரன் கட்டிய சரக்குக் கிட்டங்கி, ஓலை போர்த்திய உப்புக் குவியல், வீட்டையே தூக்கிவிடுகிற மாதிரி கிரேன். சாயங்காலம் மாடியில் டீ குடித்தபடி பார்த்தால் மில் புகைபோக்கி லைட் ஹவுஸில் பாதியை மறைக்குமாம், இடது பக்கம் பள்ளிவாசலின் பச்சை மினார் தெரியுமாம். பாவிப்பயலுக்கு எழுத்து அப்படி வரும். மதினி அதையெல்லாம் குழாயடியில் தானே பார்த்தது போலச் சொல்வாள். கொட்டகைக்கு ஏது மாடி என்று வாசித்த எனக்கும் தோன்றவில்லை, கேட்ட அவளுக்கும் தோன்றவில்லை. இரு மதினி, இடம் கிடைத்ததும் கூப்பிடுவான் என்று ஒன்பது வருஷம் சொன்ன வாய் இந்த வாய்தான்.

தொண்ணூற்றெட்டில் தூத்துக்குடி மாதா கோயில் திருவிழாவுக்கு எங்கள் பங்குக் கோயிலிலிருந்து பஸ் போனது. சொல்லாமல் போய் நிற்போம் என்று மதினி ஒரு சீப்பு சிறுமலைப் பழத்தை மஞ்சப்பையில் எடுத்துக்கொண்டாள். ஊருக்குள் நுழைந்ததும் அவள்தான் வழிகாட்டி. திரும்பியதும் கிட்டங்கி வரும் என்றாள், வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

பூசை முடிந்து நாங்கள் இருவரும் துறைமுக வாசலுக்குப் போனோம். ஆட்கள் தங்கும் கொட்டகை என்று இங்கே எதுவுமே கிடையாது என்றார் காவல்காரர். மதினி புகைபோக்கியைப் பார்த்து நடந்தாள். அது லைட் ஹவுஸில் பாதியை மறைக்கிற வரைக்கும் தெருத்தெருவாக நடந்தோம். இடது பக்கம் பச்சை மினாரும் வந்த இடத்தில் நின்றாள். அந்தத் தெருவில் மாடிவீடு ஒன்றே ஒன்றுதான். கொடியில் அண்ணனுக்கு நான் தைத்துக் கொடுத்த கட்டம்போட்ட சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தவள் என் முகத்தையே பார்த்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"நீங்க ரோஸ்மேரியா? அவுக சாடை அப்படியே இருக்கே. தங்கச்சிய விட்டா எனக்கு யாருமில்லன்னு சொல்லிக்கிட்டே இருப்பாக. வேலைக்குப் போயிருக்காக, உள்ள வாங்க." பிறகு மதினியைப் பார்த்து, "இவுக யாரு?" என்றாள்.

நான் மதினி பக்கம் திரும்பினேன்.

"பக்கத்து வீடு," என்றாள் மதினி. பழத்தைக் குழந்தையின் கையில் கொடுத்தாள். "செத்த நேரம் மாடியில நின்னு பாத்துக்கிறட்டுமா?"

மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். பஸ்ஸில் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், "ஒனக்குத் தெரியுமா ரோசு?" மாதா மேல் சத்தியம் செய்தேன். தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூடப் பிறந்தவன் என்னையும் அல்லவா அவன் பொய்க்கு வாயாக வைத்திருந்தான், நாசமாய்ப் போறவன்.

மறுவாரம் கடிதம் எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"மாடியில நின்னு பாத்தேன். லைட் ஹவுஸ் பாதிதான் தெரியுது. மினாரும் இடது பக்கந்தான். நீங்க எழுதுனது அம்புட்டும் நெசம். இனிமே எழுத வேணாம்."

இப்படிக்கு உங்கள் அன்பு மனைவி என்றுதான் எப்போதும் முடிப்பேன். இப்போது என்ன போட என்று கேட்டேன்.

"பக்கத்து வீடுன்னு போடு," என்றாள்.